கவனம் எண்டு வாயால சொன்னாக் காணாது

நான் வேலை செய்யிறது திருகோணமலை டவுனுக்குள்ள ஒரு ஹார்ட்வெயார் கடையில. ஆணி, பைப், பெயின்ட், வயர், பூட்டு, தண்ணி டாங்கி எண்டு எல்லாம் விக்கிற கடை. இந்தக் கவுண்டருக்குப் பின்னால கொஞ்சக் காலம் நிண்டாக் காணும், ஊரில எந்த வீட்டில என்ன நடந்தது எண்டு ஆரும் சொல்லாமலே விளங்கத் தொடங்கிடும். பாத்ரூம் சுவரில பூட்டுற கைபிடிக் கம்பி கேட்டு ஒராள் வந்தா, வீட்டில அம்மாவோ அப்பாவோ விழுந்திட்டாங்க. ட்ரிப் சுவிட்ச் இருக்கா எண்டு அந்தரப்பட்டு ஓடி வந்தா ஆருக்கோ கரண்ட் அடிச்சிருக்கு. கிணத்தை மூடுற கம்பி வலை என்ன விலை எண்டு கேட்டா நான் மேல ஒண்டும் கேக்கிறதில்ல, பேசாம அளந்து வெட்டிக் குடுத்திடுவன். ஒண்டும் நடக்க முதல் வந்து இதுகளை வாங்கிற ஆக்களும் இருக்கினம்தான், ஆனா மிச்சம் குறைவு, வந்தாலும் அனேகமா வீடு கட்டுற மேசன் சொல்லி வந்தவையா இருக்கும்.

இதில விசர் என்னண்டா, எங்கட சனம் கவனம் சொல்லுறதில ஒரு குறையும் வைக்கிறதில்ல. விடிஞ்சாப் பொழுதுபட்டா "பாத்துப் போ", "கவனம் பிள்ளை", "மெல்லப் போ தம்பி". எங்கட மாமி வாசல்ல நிண்டு போற வாற எல்லாருக்கும் கவனம் சொல்லுவா, அவ நிக்கிற அந்தப் படியில ஒரு மூலை உடைஞ்சு கம்பி வெளியில தெரியுது, அது உடைஞ்சு எவ்வளவு காலம் எண்டு ஆருக்கும் ஞாபகமில்ல. ஆராவது தடக்கி விழுந்தா ஏழரைச் சனி, இல்லாட்டி கண்ணூறு. கோயிலுக்குப் போய் அர்ச்சனை, ஒரு தேங்காய், கையில ஒரு நூல். நான் கோயிலுக்குப் போக வேண்டாம் எண்டு சொல்ல வரேல்ல, நானும் கோணேசரிட்டப் போறவன்தான், ஆனா வரேக்க ஒரு கிலோ சீமெந்து வாங்கிக்கொண்டு வந்து அந்தப் படியைப் பூசி விட்டா கோணேசர் கோவிக்கவா போறார்?

மனிசனுக்குக் கவனம் எப்பவும் இருக்காது. நித்திரைத் தூக்கத்தில எழும்பி பாத்ரூம் போற கிழவி, பள்ளிக்கூட நேரத்தில மூண்டு பிள்ளைக்குச் சாப்பாடு கட்டுற தாய், ராத்திரி மீனுக்குப் போட்டு விடிய வந்து படுக்கிற ஆள், இவங்களிட்டப் போய் கவனமா இரு எண்டா எப்பிடி இருக்கிறது? கவனம் போற நேரம் போகத்தான் செய்யும். அந்த நேரத்திலயும் கையில காலில படாத மாதிரி வீட்டையும் சாமானையும் வைச்சிருக்கிறதுதான் வேலை. என்ர வாதம் இவ்வளவுதான், இனிக் கதைக்கிறது எல்லாம் உதாரணம்.

இதை எனக்குத் தெரிஞ்சு நல்லா விளங்கிச் செய்து காட்டின ஆள் எங்கட நாட்டிலயே இருந்தவர். டொக்டர் விஜய கொடகும்புர எண்டு ஒரு சத்திரசிகிச்சை டொக்டர். கரண்ட் இல்லாத காலத்தில எல்லா வீட்டிலயும் குப்பி விளக்குத்தானே, ஏதோ ஒரு வெறும் போத்தல், மூடியில ஒரு ஓட்டை, துணித் திரி, உள்ளுக்க மண்ணெண்ணெய். போத்தல் உயரம், அடி ஒடுக்கம், பாயில படுத்திருக்கிற ஆளின்ர கால் பட்டாலே சரிஞ்சிடும், சரிஞ்சா உருளும், மூடியும் சும்மா சொருகி வைச்சதுதானே, எண்ணெய் ஊத்தி அதுக்குப் பின்னால நெருப்பு ஓடும். அப்பிடி எரிஞ்சு வாற பெண்டுகளையும் பிள்ளைகளையும் ஆஸ்பத்திரியில பாத்துப் பாத்து அந்த மனிசன் "விளக்கைக் கவனமா வையுங்க" எண்டு நோட்டீஸ் அடிக்கேல்ல, விளக்கை மாத்தினார். மார்மைட் போத்தல் பாத்திருப்பீங்கதானே, குட்டை, அகலம், லேசில சரியாது, அதைப் பாத்துத்தான் யோசனை வந்ததாம். தடிச்ச கண்ணாடி, பாரம் கூட, ரெண்டு பக்கம் தட்டை, அதால சரிஞ்சாலும் உருளாது, மூடி புரி போட்டு இறுக்கிற தகர மூடி, கவிழ்ந்தாலும் எண்ணெய் ஊத்தாது. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. 1998ல அதுக்கு ரோலெக்ஸ் விருது குடுத்தாங்க. விளக்குத் தட்டுப்படுறதை அவர் நிப்பாட்டேல்ல, தட்டுப்பட்டாலும் ஆள் எரியாத மாதிரிச் செய்தார். இதை நல்லா யோசிச்சுப் பாருங்க.

2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினாங்களே, அப்ப எங்கட பழைய பழக்கம் எல்லாம் திரும்பி வந்திட்டுது. மண்ணெண்ணெய்க்கே கியூ, அதால எல்லாரும் மெழுகுதிரி. பிளாஸ்டிக் கதிரையில மெழுகை உருக்கி ஒட்டி, பக்கத்தில கேர்ட்டின், மேல காத்து. ஒரு பழைய எவர்சில்வர் கோப்பையில மண் போட்டு நடுவில நட்டு வைச்சா முடிஞ்சுது விஷயம், சரிஞ்சா மண்ணில விழும், எரிஞ்சு முடிஞ்சாலும் மண்ணில முடியும். காசு ஒண்டும் போகாது. கரண்ட் வெட்டு இனி வராது எண்டு எழுதித் தர ஆருமில்ல, அதால சொல்லி வைக்கிறன்.

சரி, பாத்ரூமுக்கு வாறன், ஏனெண்டா கடையில நான் கூடச் சண்டை பிடிக்கிற சாமான் டைல்ஸ்தான். இப்ப புதுசா வீடு கட்டுற ஆக்கள், அதுவும் கனடா லண்டன் காசு வாற வீடு எண்டா, முகம் தெரியிற மினுக்கம் வேணும் எண்டு கேட்டு வாங்கி, ஹோலுக்குப் போட்டு மிஞ்சினதை அப்பிடியே பாத்ரூமுக்கும் போட்டிடுவாங்க. அதில ஒரு சொட்டு சோப்புத் தண்ணி நிண்டா பதினெட்டு வயசுப் பொடியனே நிக்க ஏலாது. சொரசொரப்பான மெட் டைல்ஸ் அதே விலையிலயே வருது, சிலது குறைவும் கூட. ஆனா "அது ஊத்தை பிடிக்கும் தம்பி" எண்டு ஒரே பதில். ஊத்தையைத் தேய்ச்சா போகும் அக்கா, இடுப்பெலும்பு முறிஞ்சா தேய்ச்சுச் சரிவராது எண்டு சொல்லுவன், சிரிச்சிட்டு மினுங்கிறதையே ஏத்திக்கொண்டு போவாங்க.

விழுறது எண்டா சின்ன விஷயம் மாதிரிக் கதைக்கிறம். உலக சுகாதார நிறுவனத்தின்ர கணக்கில உலகம் முழுக்க வருஷத்துக்கு 684,000 பேர் விழுந்து சாகிறாங்க, தற்செயலா வாற காயங்களில ரோட்டு விபத்துக்கு அடுத்தபடியா கூட உயிரெடுக்கிறது இதுதான். அதில கூடப் பேர் 60 வயசுக்கு மேற்பட்ட ஆக்கள். எங்கட வீடுகளில இது எங்க நடக்குது எண்டு பாருங்க. கொமட்டில இருந்து எழும்பேக்க பிடிக்க ஒண்டுமில்லாம வோஷ் பேசினைப் பிடிச்சு எழும்புவாங்க. அந்தப் பேசின் ரெண்டு போல்டில தொங்கிற சாமான், அதோட ஆளும் சேந்து வரும், உடைஞ்ச பீங்கான் கத்தியிலும் கூர். கொமட்டுக்குப் பக்கத்தில ஒரு கம்பி, குளிக்கிற இடத்தில ஒரு கம்பி, ரெண்டும் காணும். ஆனா பூட்டேக்க சீமெந்துக் கல்லுச் சுவர் உள்ளுக்க பொள்ளல் எண்டதை மறக்காதீங்க, சின்ன ரோல் பிளக் அடிச்சு பூட்டினா படம் தொங்க விடலாம், மனிசன் தொங்க ஏலாது. நீளமான ஆணிப் போல்ட் போடச் சொல்லுங்க, பூட்டின பிறகு நீங்களே உங்கட முழுப் பாரத்தையும் போட்டு இழுத்துப் பாருங்க. உறிஞ்சிப் பிடிக்கிற ரப்பர் கப் வைச்ச கம்பி ஒண்டு ஒன்லைன்ல மலிவா வருது, அதை வாங்காதீங்க, நாங்களும் விக்கிறதில்ல.

இன்னொரு சிக்கல், எங்கட பெரிய ஆக்கள் கம்பி பூட்ட விட மாட்டாங்க. "எனக்கென்ன வயசு போட்டுதே, என்னை நோயாளியாக்கப் பாக்கிறியளோ" எண்டு ஏசுவாங்க. துவாய் போடுறதுக்குத்தான் அம்மா எண்டு சொல்லிப் பூட்டி விடுங்க, ரெண்டு நாளில தானாப் பிடிப்பாங்க. நல்லா வேலை செய்யிற பொய் இது, கன பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கிறன். ராவில கட்டிலில இருந்து பாத்ரூம் வரைக்கும் ஒரு சின்ன எல்ஈடி லைட் எரியட்டும், பிரஷர் குளிசை போடுற ஆக்கள் படுக்கையால சடாரெண்டு எழும்பினா தலை சுத்தும், ஓரத்தில கொஞ்சம் இருந்திட்டு எழும்பச் சொல்லுங்க. பழைய வீடு எண்டா கக்கூஸ் வளவின்ர அந்தத் தொங்கலில, மழை நேரம் பாசி பிடிச்ச நிலம், அதுக்கு ஒரு பாதை போட்டு கொஞ்சம் கருங்கல் தூள் கொட்டி விட்டாலே பெரிய காரியம்.

இனிக் கரண்ட். போன கிழமை ஒரு ஐயா வந்தார், பேரப்பிள்ளையின்ர போன் சார்ஜர் சுவரில போகுதில்லையாம், சதுரப் பின் சொக்கெற், சார்ஜர் ரெண்டு வட்டப் பின். "அடப்டர் ஒண்டு போடுங்க ஐயா" எண்டன். "அதுக்கேன் தம்பி காசு, மேல ஓட்டையில பேனையைக் குத்திப் பிடிச்சுக்கொண்டு சொருகினா போகுதுதானே" எண்டு என்னட்டயே பாடம் எடுத்தார். உண்மைதான், போகும். மேல் ஓட்டை ஏர்த்துக்கு, அதில நீளமான பின் போனாத்தான் கீழ இருக்கிற ரெண்டு ஓட்டையின்ர மறைப்பும் திறக்கும், அது பிள்ளைகள் எதையும் குத்தாம இருக்கத்தான் வைச்சது. நாங்க பேனையால அந்த மறைப்பைத் தோற்கடிக்கிறம். அப்பிடிச் சொருகின பிளக் உள்ளுக்க இறுக்கமா நிக்காது, பொறி பறக்கும், சூடாகும், சொக்கெற் மஞ்சளாகிக் கருகும். அதை விடப் பெரிய விஷயம், பக்கத்தில நிண்டு பேரன் பாத்துக்கொண்டிருக்கிறான். அவனிட்டப் பேனை இல்லாட்டி ஒரு ஊசியோ ஹெயார்பின்னோ கிடைக்கும். ஐயாவுக்கு அடப்டரைக் கட்டிக் குடுத்துத்தான் அனுப்பினன், முகத்தைச் சுளிச்சுக்கொண்டு காசு தந்தார்.

அடுத்தது ட்ரிப் சுவிட்சுக்கும் பிரேக்கருக்கும் வித்தியாசம் தெரியாதது. போர்டில வரிசையா இருக்கிற சின்னப் பிரேக்கர்கள் வயரைக் காப்பாத்த. லோட் கூடினா, ஷோர்ட் ஆனா விழும். உங்களைக் காப்பாத்திற சாமான் அது இல்ல, ஏனெண்டா மனிசனைக் கொல்லத் தேவையான கரண்ட் மிச்சம் கொஞ்சம், அவ்வளவுக்கு அந்தப் பிரேக்கர் அசையவே அசையாது. ட்ரிப் சுவிட்ச்தான் போற கரண்டும் வாற கரண்டும் சமனா எண்டு பாத்துக்கொண்டிருக்கும், 30 மில்லி அம்பியர் அளவு எங்கேயாவது, உங்கட உடம்பால எண்டு வையுங்களன், நிலத்துக்குப் போனா கண் மூடித் திறக்க முதல் வெட்டும். அதில டி எண்டு ஒரு சின்ன பட்டன் இருக்கு, மாசத்துக்கு ஒருக்கா அமத்திப் பாருங்க, விழ வேணும். விழாட்டி அந்தப் பெட்டி அலங்காரத்துக்கு இருக்கு.

மாரி தொடங்கினா இன்னொரு கூட்டம் வரும். "தம்பி, ட்ரிப் விழுந்துகொண்டே இருக்கு, அதை விட்டிட்டு நேராக் குடுக்க ஏலாதா?" நேராக் குடுக்கிற வயரிங் பாஸ்மாரும் இருக்கிறாங்க, அதுதான் கவலை. ட்ரிப் விழுதெண்டா அது உங்களுக்கு ஏதோ சொல்லுது ஐயா. வெளி லைட்டுக்குள்ள தண்ணி போயிருக்கும், இல்லாட்டி கிணத்தடி மோட்டர் லீக் அடிக்குது. எல்லாப் பிளக்கையும் கழட்டிப் போட்டு ஒவ்வொண்டாச் சொருகிப் பாத்தா எது எண்டு பிடிச்சிடலாம். கிணத்தடி மோட்டருக்கு ஏர்த் வயரை வெட்டிப் போட்டு ரெண்டு வயர் மட்டும் குடுத்திருப்பாங்க, ஈரக் காலோட நிண்டு அதைத் தொடுவாங்க, எனக்கு நினைக்கவே பயம். அதோட கேத்திலையும் அயனையும் ஒரே மல்டி பிளக்கில போடாதீங்க. கேத்தில் மட்டுமே 2000 வோட்ஸுக்கு மேல இழுக்கும், 230 வோல்டில அது கிட்டத்தட்ட 9 அம்பியர், அந்த மெல்லிய வெள்ளை வயர் அதைத் தாங்கிறதுக்குச் செய்ததில்ல.

திருக்கடலூர், மனையாவெளி, உப்புவெளிப் பக்கம் கடலோட ஒட்டி இருக்கிற ஆக்களுக்குத் தனியா ஒண்டு சொல்லோணும். உப்புக் காத்து இரும்பைத் தின்னும் எண்டு உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல, கேற், ஜன்னல் கம்பி எல்லாம் பாத்துப் பெயின்ட் அடிப்பீங்க. ஆனா சீலிங் பேன் தொங்கிற கொக்கியை ஆரும் பாக்கிறதில்ல, ஏனெண்டா அந்த பிளாஸ்டிக் கப் மூடிக்கொண்டிருக்கு. மெயினை நிப்பாட்டிப் போட்டு கப்பைக் கீழ இறக்கி ஒருக்கா டோர்ச் அடிச்சுப் பாருங்க. கொக்கி தோல் உரிஞ்சு பொருக்குப் பொருக்கா இருந்தா மாத்துங்க. பேன் ஆடுதெண்டு சத்தம் போட்டா அது சும்மா போடேல்ல. பேனுக்கு நேர கீழதான் பிள்ளையைப் படுக்க வைக்கிறம், வெக்கைக்கு.

கேஸ் பற்றி 2021 கடைசியில நாடு முழுக்க அடுப்பு வெடிச்ச கதைகள் கேட்டு எல்லாரும் பயந்து சிலிண்டரை வெளியில கொண்டு போய் வைச்சாங்க, ரெகுலேட்டரில இருந்து ஹோஸ் வரைக்கும் சோப்புத் தண்ணி பூசி குமிழி வருதா எண்டு பாத்தாங்க. அந்தப் பயம் போன உடன அந்தப் பழக்கமும் போச்சு. பழக்கத்தை மட்டும் வைச்சிருங்க. கேஸ் காத்தை விடப் பாரம், நிலத்தோட படுத்திருக்கும், மேல இருக்கிற ஜன்னலால லேசில போகாது, கதவைத் திறக்கோணும். மணம் வந்தா லைட்டைப் போடவும் வேண்டாம், எரியிற லைட்டை நிப்பாட்டவும் வேண்டாம், ரெண்டிலயும் பொறி வரும். ஹோஸில வெடிப்பு, எலி கடிச்ச அடையாளம் இருந்தா டேப் சுத்தாதீங்க. டேப் சுத்தின ஹோஸ் கொண்டு வந்து இதே மாதிரி ஒண்டு தாங்கோ எண்டு கேக்கிற ஆக்களைக் காணேக்க எனக்குச் சந்தோஷம், மாத்த வந்திருக்கிறாங்களே.

சின்னப் பிள்ளை இருக்கிற வீடு எண்டா முதல் ஒருக்கா முழங்காலில நிண்டு வீட்டைச் சுத்திப் பாருங்க. வேற ஒரு வீடு தெரியும். குசினியில திருவலை நிலத்தில கிடக்கும், பல்லு மேல பாத்தபடி, தவழுற பிள்ளையின்ர கண் உயரத்தில. தேங்காய் திருவி முடிய பல்லைச் சுவர்ப் பக்கம் திருப்பிச் சாத்திறது, இல்லாட்டி ஆணியில கொழுவுறது, இதுக்கு ஒரு செக்கன். மேசை விரிப்பின்ர நுனி தொங்கும், மேல பிளேன்ரீ. பிள்ளை இழுத்தா முகத்திலதான் வரும். விரிப்பே தேவையில்ல அந்த வயசுக்கு.

எங்கட கடைக்கு தின்னர், டர்பன்டைன் வாங்க வாற ஆக்கள் வெறும் சோடாப் போத்தல் கொண்டு வருவாங்க. நிறமில்லாத சாமான், சோடாப் போத்தல், குசினி மூலை. பெரிய ஆக்களே தண்ணி எண்டு வாயில வைச்சிருக்கிறாங்க, பிள்ளைக்கு என்ன தெரியும்? நாங்க இப்ப சோடாப் போத்தலுக்கு ஊத்திக் குடுக்கிறதில்ல எண்டு முடிவெடுத்திட்டம், யாவாரம் கொஞ்சம் போகுது, போகட்டும். தப்பித் தவறி மண்ணெண்ணெயோ தின்னரோ குடிச்சிட்டா சத்தி எடுக்க வைக்காதீங்க, திரும்பி வரேக்க நுரையீரலுக்குள்ள போனா அதுதான் ஆபத்து. 1990க்கு அடியுங்க, சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்ல. குடிச்ச போத்தலையும் கையோட கொண்டு போங்க.

கிணறு. சாம்பல்தீவு, தம்பலகாமம் பக்கத் தோட்டங்களில கட்டில்லாத கிணறு இன்னும் கிடக்கு, புல் வளந்து விளிம்பு தெரியாது. வீட்டுக் கிணத்துக்குக் கட்டு இருந்தாலும் பக்கத்தில ஒரு கல்லோ வாளியோ கவிழ்த்து வைச்சிருந்தா அதுவே பிள்ளைக்கு ஏணி. பழைய மீன் வலையைக் கட்டி விடுற ஆக்கள் இருக்கிறாங்க, அது தொய்ஞ்சு போகும், பிள்ளை அதுக்குள்ள சிக்கும், இரும்புச் சட்டத்தில கம்பி வலை அடிச்சுப் போடுறதுதான் சரி. அதோட ஒரு வெறும் பிளாஸ்டிக் கானை மூடி இறுக்கி நீளக் கயித்தில கட்டி கிணத்தடியில தொங்க விடுங்க, 10 லீற்றர் கான் எண்டா இன்னும் நல்லது. ஆராவது விழுந்தா நீந்தத் தெரியாத நீங்களும் பாய்ஞ்சு ரெண்டாகிறதை விட அந்தக் கானை எறிஞ்சா அதைப் பிடிச்சுக்கொண்டு தலை மேல நிக்கும். குளிக்கிற தொட்டி, வாளித் தண்ணி கூட ஒரு வயசுப் பிள்ளைக்கு ஆழம்தான். தலை பாரம், குனிஞ்சு விழுந்தா நிமிர ஏலாது, சத்தமும் வராது.

ரோட்டைப் பற்றி எழுதினா முடியாது, ரெண்டு மட்டும். ஒண்டு, சைக்கிள் கரியர்ல பிள்ளையை ஏத்தினா கால் தொங்கும், குதி கம்பிக்குள்ள போகும். குதித் தோல் அப்பிடியே கழண்டு வரும், ஆற மாசக் கணக்காகும். பின் சில்லு ரெண்டு பக்கமும் கொஞ்சம் வலை கட்டி, கால் வைக்க ஒரு மிதி பூட்டினா அந்தக் கதையே இல்ல. மற்றது கட்டாக்காலி மாடு. மழைக்காலம் புல் ஈரம், மாடுகள் எல்லாம் தார் ரோட்டில வந்து படுக்கும், கறுத்த மாடு, லைட் இல்லாத ரோட், எதிர வாற வாகனத்தின்ர ஹைபீம் கண்ணில அடிக்கேக்க ஒண்டும் தெரியாது. கோட்டைப் பக்கம் எண்டா மான் குறுக்க ஓடும். மாடு வைச்சிருக்கிற ஆக்கள் கழுத்தில ஒரு ரிஃப்ளெக்டர் பட்டி கட்டி விடலாம், எங்கட கடையில மீட்டர் கணக்கில இருக்கு, இதுவரைக்கும் ஒருத்தரும் மாட்டுக்கு எண்டு கேட்டு வரேல்ல. ஹெல்மெட் பட்டியைக் கொழுவாம சும்மா தலையில வைக்கிறது பொலிசுக்கு, ரோட்டுக்கு இல்ல, எல்லாருக்கும் தெரியும்.

இந்தக் கவனக் கதை எங்க வந்து நிக்கும் எண்டதுக்கு 2021 நவம்பர் 23 குறிஞ்சாக்கேணியை விடப் பெரிய சாட்சி வேண்டியதில்ல. பாலம் கட்டிக்கொண்டிருந்த நேரம், சனம் பாதையில, அதான் ஆக்களை ஏத்தி அக்கரைக்குக் கொண்டு போற மிதவையில, ஏறித்தான் கிண்ணியாவுக்குப் போக வேணும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஏறினதுகள், பாதை கவிழ்ந்துது, பிள்ளைகளும் போச்சு. அண்டைக்கும் காலையில ஒவ்வொரு தாயும் "பாத்துப் போ மகள்" எண்டு சொல்லித்தான் அனுப்பியிருப்பா. அந்தப் பிள்ளைகளிட்ட என்ன கவனம் குறைஞ்சுது?

பாம்புக்கும் இதே கணக்குத்தான். கட்டு விரியன் ராவில வீட்டுக்குள்ள வந்து நிலத்தில பாய் போட்டுப் படுத்திருக்கிற ஆக்களைத்தான் கடிக்கும், கடிச்சது கன பேருக்கு நோகவே நோகாது, விடியத்தான் கண் இமை தூக்க ஏலாம இருக்கும். நித்திரையில எங்க கவனமா இருக்கிறது? நுளம்பு வலையைக் கட்டி நுனியைப் பாய்க்குக் கீழ சொருகினா நுளம்புக்கும் சரி பாம்புக்கும் சரி. கடிச்சா வெட்டாதீங்க, கயிறு போட்டு இறுக்காதீங்க, அசைக்காம ஆஸ்பத்திரி. திருக்கைமுள் குத்தினா தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணிக்குள்ள காலை வைச்சிருங்க, நோவு குறையும், கன்னியா வெந்நீர்க் கிணத்துக்கு ஓடத் தேவையில்ல, குசினியில கொதிக்க வைச்சு ஆற விட்டாக் காணும், பிறகு டொக்டரிட்டக் காட்டுங்க, முள் உள்ளுக்க நிக்கலாம். எரிகாயத்துக்கு 20 நிமிஷம் பைப்பைத் திறந்து விட்டு அதுக்குக் கீழ பிடிக்கிறது, பற்பசை பல்லுக்கு.

கடைசியா, இப்ப ஐப்பசி வரப் போகுது, ஒழுக்குப் பாக்கிற காலம். இந்த மாசம் எங்கட கடையில சீற், போல்ட், தார்ப் பட்டி எல்லாம் பறக்கும், எல்லாரும் மேல ஏறப் போறீங்க. பழைய அஸ்பெஸ்டஸ் சீற் மேல இருந்து பாக்க உறுதியாத் தெரியும், நடுவில கால் வைச்சா உடைஞ்சு நேர கீழ சீமெந்து நிலத்திலதான் நிப்பீங்க. போல்ட் வரிசை தெரியுதுதானே, அதுக்குக் கீழதான் மரம் போகுது, அந்த வரிசையில ஒரு நீளப் பலகையைப் போட்டு அதுக்கு மேல மட்டும் நடவுங்க. ஏணி 12 அடி உயரத்தில சாத்தினா அடி சுவரில இருந்து 3 அடி தள்ளி நிக்கோணும், கீழ ஒராள் பிடிக்கோணும், பிடிக்கிற ஆள் போன் பாக்கக்கூடாது. சாரத்தோட ஏறாதீங்க, தட்டுப்படும், காச்சட்டை போடுங்க. மழை பெய்து கொண்டிருக்கேக்க ஏறவே வேண்டாம், அண்டைக்கு ஒரு வாளியை ஒழுக்குக்குக் கீழ வையுங்க, பாசி காய்ஞ்ச பிறகு ஏறலாம். பலகை இல்லாட்டி பக்கத்து வளவில கேளுங்க, வீடு கட்டின எல்லாரிட்டயும் ஒரு தட்டுப் பலகை மூலையில கிடக்கும்.